கருப்புப் பொட்டு இல்லாத பறவை

"இது வால், பாக். இதுவும் வால்தான். இதுல வெறும் வயிறு. எனக்கு மூஞ்சி வேணும்."

விதியாஸ் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நகரத்தில் பறவைகளைப் பற்றிப் படித்தவள். துராகிமின் காப்பிக்கடைப் பலகையில், காலில் சேறு காய்ந்துகொண்டிருக்க, அவள் மரியாதையாக 'பாக்' என்று அழைத்த வஸ்ஜான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டை வெட்டும் கூலி வேலை முடிந்ததும், மூன்று வாரமாக அவன் போய் நின்றது அலையாத்திக்காட்டுச் சேற்றில்தான். ஐம்பத்தெட்டுப் படம் எடுத்திருந்தான்.

"மூணு வாரம் கொசுக்கு ரத்தம் குடுத்து அம்பத்தெட்டு வாலு புடிச்சிருக்கியே காங், வாலுக்குன்னு தனியா ஒரு சந்தை வெச்சிரலாம்" என்றான் துராகிம். அந்தக் கரையில் அண்ணனையும் கணவனையும் 'காங்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வஸ்ஜானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காடு அவன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நின்றது. இறால் பண்ணைக்காக அதை வெட்டப்போகிறார்கள். வெட்டினால் இரண்டு மழைக்காலத்தில் கடல் அடுப்படிக்கு வந்துவிடும். பக்கத்து ஊர் அப்படித்தான் போனது. காட்டில் மஞ்சள் வெள்ளைக்கண்ணி என்ற அரிய குருவி இருப்பதைப் படத்தோடு நிரூபித்தால் வெட்டுவதை நிறுத்தலாம் என்று மாவட்டக் குழு சொல்லியிருந்தது. திங்கட்கிழமை வரை தவணை.

வெள்ளைக்கண்ணியில் மஞ்சள் இரண்டு வகை. இரண்டும் கட்டைவிரல் பருமன், இரண்டுக்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் கருப்புப் பொட்டு இருந்தால் அது தீவுகளிலிருந்து படகில் விற்பனைக்கு வருவது, எங்கும் கிடைக்கும். பொட்டு இல்லாவிட்டால் இந்தக் கரையின் பறவை, அநேகமாக அழிந்துபோனது. படத்தில் ஒரு இலை நிழல் விழுந்தாலே பொட்டு வந்துவிடும்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு, பாக்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் காலை, வீட்டு இறவாணத்தில் தொங்கிய கூண்டை வஸ்ஜான் கழற்றினான். முன்பு குருவி பிடித்துப் பிழைத்தபோது வைத்திருந்த பார்வைக் குருவி அதில் இருந்தது. அது கூப்பிட்டால் காட்டுக் கூட்டம் இறங்கி வரும். பசை தடவிய குச்சி மட்டும் இப்போது இல்லை. கூண்டைத் தாழ்ந்த கிளையில் மாட்டிவிட்டு ஒதுங்கினான். அரை மணியில் ஏழு வந்தன. ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வெயிலைப் பார்த்துத் திரும்பியது. கைபேசியை அழுத்திப் படத்தை அனுப்பினான்.

விதியாஸிடமிருந்து உடனே அழைப்பு வந்தது. "பாக்! பொட்டே இல்ல! சுத்த மஞ்சள்! அதேதான்!" வஸ்ஜான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிறு மாலை மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை குரலில் உயிர் இல்லை.

"எப்படி இவ்வளவு கிட்ட வந்துச்சுன்னு குழுவுல கேக்கிறாங்க."

"பார்வைக் குருவியை மாட்டினேன், பூ. வேற எப்படி வரும்?" அவளை அவன் மரியாதையாக 'பூ' என்றுதான் கூப்பிடுவான்.



"அப்போ படத்துல இருக்கிறது கூண்டுல இருந்து நீங்க விட்ட குருவியா இருக்கலாம்னு சொல்வாங்க. வால் நுனி வேற தேஞ்சிருக்கு. கூண்டுக் கம்பியில உரசுனா அப்படித்தான் தேயும்."

"அது இறகு உதிர்க்குற காலம், பூ! என் குருவி கூண்டுலதான் இருக்கு. வந்து பாருங்க. அதுவும் இந்தக் காட்டுக் குருவிதான், பொட்டு கிடையாது."

"அதை எப்பப் புடிச்சீங்க?"

"நாலு வருஷம் முன்னாடி."

"அப்ப எத்தனை இருந்துச்சு, பாக்?"

அப்போது வஸ்ஜான் ஒரு விடியலில் நாற்பது, ஐம்பது என்று பசைக்குச்சியிலிருந்து பிய்த்தெடுத்திருக்கிறான். பொட்டு இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கு யார் பார்த்தார்கள்? மஞ்சளாக இருந்தால் போதும், கூடையில் போட்டு மூடுவான்.

"நிறைய" என்றான்.

உண்மையை மறைத்து எழுத அவளால் முடியவில்லை. குழு படத்தைத் தள்ளிவிட்டது.

திங்கட்கிழமை பொக்லைன் வந்தது. வேர் இழுக்க ஆள் வேண்டும் என்று மேஸ்திரி வீடு வீடாகக் கூப்பிட்டான். வஸ்ஜான் அரிவாளை எடுத்தபோது அவன் மனைவி ரஸ்தினி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வெக்கமா இல்லையா காங்? நம்ம வீட்டுக்கு நாமளே குழி வெட்டவா?"

"நான் போகலைன்னா நிறுத்திருவாங்களாடி? இன்னிக்கு உலையில போட அரிசி இருக்கா?"

அவள் விலகினாள். அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் பாதிக் காடு சாய்ந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்தி எல்லாரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில், வஸ்ஜானுக்கு முன்னால் கிடந்த கிளையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. பூச்சி தேடியது. தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே சுத்த மஞ்சள். சேற்றுக் கையாலேயே கைபேசியை எடுத்து அழுத்தி அனுப்பினான். இத்தனை நாளில் இதுபோல் தெளிவாக ஒரு படம் விழுந்ததில்லை.

விதியாஸ் எழுதினாள்: "கூண்டு இருக்கா, பாக்?"

எழுத்துக் கூட்டி அடித்தான்: "இல்ல."

"ரொம்ப நல்லா இருக்கு. எந்த மரத்துல உக்காந்திருக்கு?"

வஸ்ஜான் கிளையைப் பார்த்தான். குருவி அதற்குள் போய்விட்டிருந்தது.

"வெட்டிப் போட்டதுல" என்று அடித்தான்.

அவள் படித்துவிட்டாள் என்று கைபேசி காட்டியது. பின்னால் இயந்திரம் உறுமியது. மேஸ்திரி அவன் பேரைச் சொல்லிக் கத்தினான். வஸ்ஜான் எழுந்துபோய் வேரைப் பிடித்து இழுத்தான்.