துணி விலகும்வரை பழைய நூற்றாண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சிறப்பிதழுக்காக 'நூற்றாண்டின் திருப்பத்தில் அரசியல், கலை, சமூகம்' என்று தலைப்புக் கொடுத்து, பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டார். நானும் வாய்க்கொழுப்பில் சரி என்றேன். உட்கார்ந்து பார்த்தால், அரசியல் எனக்குப் புரியாது, கலை எனக்கு வராது, சமூகம் என்னை மதிக்காது. மூன்றையும் ஒரே பக்கத்தில் கட்டி மேய்க்க யாரால் ஆகும்?

முதல் வரி எழுதினேன்: "நூற்றாண்டுகள் திரும்பும் தருணங்களில் மானுடம் தன்னைத் தானே" — வேண்டாம். இப்படித் தொடங்கிய வாக்கியம் எதுவும் உருப்பட்டதில்லை.

இரண்டாவது: "காலம் என்பது ஒரு" — ஒரு என்ன? ஆறு, சக்கரம் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடித்தேன்.

மூன்றாவதைக் கை தானாக எழுதியது: "ஏணி உச்சியில் நின்றபடி அவள் புது நூற்றாண்டைத் திட்டிக்கொண்டிருந்தாள்." யார் இவள்? எனக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தியை ஏணியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போக மனசு வருமா? வாருங்கள், இறக்கிவிட்டுப் போகலாம்.

2

அவள் ஓவியர். ஊரில் ஆமையக்கா என்று பெயர். ஒரு கடைக்கு அவள் பெயர்ப்பலகை எழுதி முடிப்பதற்குள், கடைக்காரர் தொழிலை மாற்றி, மீசையையும் எடுத்துவிடுவார் என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. வந்தாலும் மெதுவாகத்தான் வரும்.

இப்போது அவளுக்குப் பெரிய வேலை. நகர மன்றக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க ஓவியம். புது நூற்றாண்டு என்ற பெண் தெருவில் நடந்து வருகிறாள். ஊரே இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறது. நிற்கிறவர்கள் எல்லாம் நிஜமான ஊர்க்காரர்கள். தபால்காரர் இருக்கிறார், பல் பிடுங்குகிறவர் இருக்கிறார், தையல்காரியின் இரட்டைப் பிள்ளைகள் ஒருவர் தலைமுடியை ஒருவர் இழுத்தபடி இருக்கிறார்கள். அவளை நம்பி யாரோ கொடுத்த முதல் சுவர் இது. இதில் சொதப்பினால் ஆயுசுக்கும் பெயர்ப்பலகைதான்.

முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாதென்று, கூரையிலிருந்து கனமான துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் மன்றக் கூட்டம், இந்தப் பக்கம் ஆமையக்கா. அரசியல் கத்திக்கொண்டே இருக்கும், கலை ஏணியில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கும். (பாருங்கள், கட்டுரையாக இருந்திருந்தால் இதற்கு நாலு பக்கம் ஆகியிருக்கும்.)

அவள் வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் உடை, பிறகு கை, கடைசியில்தான் முகம். ஒருவர் கையால் என்ன செய்கிறார் என்று தெரிந்தால்தான் அவளுக்கு முகம் வரும். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது. புது நூற்றாண்டுக்கு மட்டும் வரவில்லை. எப்படி வரும்? அந்தப் புது நூற்றாண்டுப் பெண்தான் இன்னும் எதுவுமே செய்யவில்லையே! அழகாக வரைந்தால் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. கண்டிப்பாக வரைந்தால் மாமியார் மாதிரி இருந்தது. வரைந்தாள், துடைத்தாள், வரைந்தாள், துடைத்தாள்.

ஆண்டுக் கடைசி வந்துகொண்டிருந்தது.

3

நல்ல வேளையாக ஊர் இரண்டுபட்டது.

தொண்ணூற்றொன்பது முடிந்து இரண்டு பூஜ்யம் வந்ததும் புது நூற்றாண்டு என்றது ஒரு கூட்டம். இல்லை, எண்ணிக்கை ஒன்றில்தான் தொடங்கும், அதனால் இன்னும் ஒரு வருஷம் போக வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். பூஜ்யக்காரர்கள், ஒன்றுக்காரர்கள் என்று கட்சி பிரிந்தது. ஒரே தெருவில் முடிதிருத்தும் கடைகூட இரண்டானது.

ஆமையக்காவின் வீட்டுக்காரர் பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அவர் பரம பூஜ்யக்காரர்.

"பத்து வருஷமா தேதியில ஒன்பது, ஒன்பதுன்னு கோத்து, அச்செழுத்தே தேஞ்சுபோச்சு," என்றார் சாப்பிடும்போது. "பூஜ்யம் எல்லாம் பெட்டியில புதுசா பளபளன்னு கிடக்கு."

"ஏங்க, விரல எண்ணும்போது பூஜ்யத்துல இருந்தா ஆரம்பிப்பீங்க?"

"உனக்கு இன்னொரு வருஷம் வேணும். அத ஒத்துக்க."

"உங்களுக்கு ஒன்பது தேஞ்சுபோச்சு. அத நீங்க ஒத்துக்குங்க."

"ஆமை புகுந்த வீடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"புகுந்து இத்தனை வருஷம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. ஒன்றுக்காரர்களுக்குச் சுவரொட்டி வரைந்து கொடுத்தாள். ஒற்றை விரலை உயர்த்திய ஒரு கை, அவ்வளவுதான். ஒரே மதியத்தில் முடித்துவிட்டாள், அவள் வாழ்க்கையிலேயே வேகமாக முடித்த வேலை. ஊர்ச் சுவரெல்லாம் அந்த விரல் முளைத்தது. பூஜ்யக்காரர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்தே கட்சி மாறினார்கள்.*

* அடிக்குறிப்பு: கொள்கைக்குக் கால் முளைத்தால் அது முதலில் சொந்த வீட்டுக்குத்தான் நடக்கும். இந்த வரி கட்டுரைக்காக வைத்திருந்தது. வீணாக்க வேண்டாமே என்று இங்கே போட்டேன்.

4

மன்றத்தில் சரிபாதி இந்தப் பக்கம், சரிபாதி அந்தப் பக்கம். நாற்காலி பறந்தது. ஒன்று துணியில் மோதி, ஏணியையே ஆட்டிவிட்டுப் போனது.

அப்போது மன்றத் தலைவர் எழுந்தார்.

(இங்கே நிறுத்துகிறேன். தலைவர் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதலில் தொப்பையும் தங்கப் பல்லுமாக எழுதினேன். அரசியல்வாதி என்றால் தொப்பைதானா, வேறு ஒன்றும் தோன்றாதா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இப்போது ஒல்லியாக்கிவிட்டேன். குரல் மெது. பூனை வளர்க்கிறார். ஓவியம் என்றால் நிஜமாகவே உயிர். இப்போதுதான் எனக்கு அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.)

"சண்டை எதுக்கு?" என்றார் தலைவர். "இந்தத் துணி என்னைக்கு விலகுதோ, அன்னைக்குப் புது நூற்றாண்டு பிறந்ததா வச்சுக்குவோம். ஓவியம் முடிஞ்சா போதும். அதுவரைக்கும் பழைய நூற்றாண்டுதான்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பூஜ்யக்காரர்கள் அவள் சீக்கிரம் முடித்துவிடுவாள் என்று தட்டினார்கள். ஒன்றுக்காரர்களுக்கு அவளைத் தெரியும், அதனால் தட்டினார்கள். ஏணியில் ஆமையக்காவும் தூரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். ஒரு வருஷம் கேட்டவளுக்கு ஒரு காலமே கிடைத்துவிட்டதே!

ஒன்றை மட்டும் அந்தக் கணத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தலைவரின் பதவி 'இந்த நூற்றாண்டு முடியும்வரை' என்று விதியில் இருந்தது. தேர்தல் புது நூற்றாண்டில்தான்.

5

ஊருக்குக் கொஞ்ச நாள் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. பழைய நூற்றாண்டு முடியவில்லை, புதியது பிறக்கவில்லை, அதனால் எதுவும் கணக்கில் வராது என்று ஜனங்களே தீர்மானித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். பல் பிடுங்குகிறவரின் மனைவி வயதைச் சொல்வதை நிறுத்தினாள். "குடிக்கிறத அடுத்த நூற்றாண்டுல விட்டுடுறேன்" என்று சத்தியம் செய்தவர்கள் நிம்மதியாகக் குடித்தார்கள்.

முதலில் அழுதவன் ஆமையக்காவின் கொழுந்தன். புகைப்படக்காரன். புது நூற்றாண்டின் முதல் நாளில் கல்யாணம் என்று பெரியவர்கள் நிச்சயித்திருந்தார்கள்.

"அண்ணி, பொண்ணு வீட்டுல கேக்குறாங்க," என்று ஏணிக்கடியில் வந்து நின்றான். "ஒரு முகம்தான பாக்கி? நான் யாரையாவது படம் பிடிச்சு, பெருசாக்கிக் கொண்டு வர்றேன். அப்படியே ஒட்டிடலாம்."

"ஒட்டுறதா? இது என்ன தபால் உறையா?"

"அப்ப நான் என்னதான் பண்றது அண்ணி?"

"காத்திரு. உங்கண்ணன் என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, நான் தலை சீவி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாரு. சாயங்காலம் ஆயிடுச்சு. என்ன கெட்டுப்போச்சு?"

பிறகு சாக்கடை உடைந்தது. கீழத்தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மனு எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் தலைவர் மெதுவான குரலில் சொன்னது துணி தாண்டிக் கேட்டது: "செய்யலாம். கண்டிப்பா செய்யலாம். புது நூற்றாண்டு பிறக்கட்டும்."

6

ஒரு நாள் தலைவர் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் இரண்டு கோப்பைத் தேநீர். வெகுநேரம் ஓவியத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. (கலங்கியது நிஜம். நடிப்பு என்று எழுதிவிட்டு அடித்தேன்.)

"அவசரமே படாதீங்கம்மா," என்றார். "கலைய விரட்டக் கூடாது. எவ்வளவு காலம் வேணுமோ எடுத்துக்குங்க."

ஆமையக்கா தேநீரை வாங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் கேட்டிருக்கிறாள். அம்மா சொன்னாள், வாத்தியார் சொன்னார், கடைக்காரர்கள் சொன்னார்கள், ஏன், வீட்டுக்காரரும் சொன்னார். மெதுவாகச் செய் என்று அவளிடம் சொன்ன முதல் மனிதர் இவர்தான். அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் உயர்ந்த சாயங்கள் வந்தன. அதற்கு மறுநாள் மெத்தை வைத்த ஏணிப்படி வந்தது. "அந்த மூலையில ஒரு குதிரை இருந்தா நல்லா இருக்குமே," என்று தலைவர் தலையை நீட்டிச் சொன்னார். குதிரை வரைந்தாள். "ஒத்தையா நிக்குதே, பாவம்," என்றார். இன்னொரு குதிரை வரைந்தாள்.

7

வீட்டுக்காரரின் பத்திரிகை 'தலைவரும் இரண்டு குதிரைகளும்' என்று தலையங்கம் எழுதியது. வந்த அன்றே அச்சகத்தைப் பூட்டினார்கள். காரணம் கேட்டதற்கு, பத்திரிகை அனுமதி எல்லாம் புது நூற்றாண்டில் புதுப்பிக்கப்படும் என்று பதில் வந்தது.

அவள் வீட்டுக்குப் போனபோது அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுத்துக் கோக்கிற விரல்கள் சும்மா மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"திட்டுங்களேன்," என்றாள்.

"உன்னை எதுக்குத் திட்டணும்?"

"நான்தான விரலை வரைஞ்சேன். நான்தான குதிரையை வரைஞ்சேன்."

"ரெண்டாவது குதிரை நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன்," என்றார் அவர், சிரிக்க முயன்றபடி.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது, அதுவும் இந்த முறை வேகமாக வந்தது.

8

இப்போது முடிவு வேண்டும். கட்டுரை கேட்ட ஆசிரியர் ஆள் அனுப்பிவிட்டார்.

முடிவு (அ): புது நூற்றாண்டுக்குத் தலைவரின் முகத்தையே வரைந்துவிடுகிறாள். சேதி காதில் விழுந்ததும் தலைவருக்கு ஆசை தாங்கவில்லை. பார்த்தே தீர வேண்டும், ஊரும் பார்க்க வேண்டும். தானே துணியை இழுக்கிறார். நூற்றாண்டு பிறக்கிறது, பதவி போகிறது! எழுதிவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஆடினேன். ஆசிரியரும் பிரமாதம் என்றார்.

ஆமையக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரு போயிடுவாரு. அந்த மூஞ்சி போகுமா? கீழத்தெரு பிள்ளைங்க நூறு வருஷம் அதைப் பாத்துக்கிட்டு வளரணுமா?"

"கதைக்கு நல்லா இருக்கும்மா," என்றேன்.

"உங்களுக்குக் கதை. எனக்குச் சுவரு."

முடிவு (ஆ): கொழுந்தனின் புகைப்படத்தை ஒட்டி — இதை எழுதும் முன்பே அவள் முறைத்தாள்.

முடிவு (இ): ஒரு விடியலில் அவளுக்கு அந்த முகம் — இல்லை. வரவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன். செய்யாத வேலைக்கு முகம் எங்கிருந்து வரும்?

9

ஆகவே நடந்தது இது. மன்றம் கூடிய ஒரு பகலில், துணிக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள். கூடம் நிறைய ஜனம். வீட்டுக்காரர் வந்திருந்தார். கொழுந்தன் கல்யாணச் சட்டையோடு வந்திருந்தான். கீழத்தெருக்காரர்கள் நனைந்த செருப்போடு நின்றார்கள்.

"துணிய இழுக்கலாம்," என்றாள்.

தலைவர் முகம் மலர்ந்து கேட்டார்: "ஓவியம் முடிஞ்சிருச்சாம்மா?"

ஆம் என்று ஒரு பொய் போதும். பூனைக்கு மணி கட்டிவிடலாம். ஆனால் சுவரைப் பற்றி அவளுக்குப் பொய் வராது.

"முடியல," என்றாள். "முகம் இல்ல. எனக்கு வரல. பாத்தா சிரிப்பீங்க, சிரிச்சுக்குங்க. இழுங்க."

"முடியாம எப்படி?" என்றார் தலைவர், மிகுந்த அன்போடு. "விதி இருக்கே. உங்க பேரு கெட்டுடுமேம்மா. பொறுமையா..."

"பொறுமை எனக்குச் சொல்லித் தர வேண்டாங்கய்யா. அதுல என்னை மிஞ்சி இந்த ஊருல ஆள் இல்ல. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். அவ, இந்தப் புது நூற்றாண்டு, முதல்ல ஊருக்குள்ள வந்து எதாவது செய்யட்டும். அப்புறம் முகத்தைப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுத் துணியை மேலே தூக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். துணி அசையவில்லை. இரண்டு குதிரையும் மறையும்படி அடியில் வேறு துணி தைத்துச் சேர்த்திருந்தார்கள், கனம் கூடியிருந்தது. வீட்டுக்காரர் ஓடி வந்து அவள் பின்னால் பிடித்தார். கொழுந்தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிடித்தான். கீழத்தெருவிலிருந்து ஒருத்தி பிடித்தாள். மேலே உருளை கிரீச்சிட்டது. துணி கொஞ்சம் எழும்பியது. புது நூற்றாண்டின் பாதம் தெரிந்தது, சேறு படிந்த பாதம். அதற்கு மேல் ஏறவில்லை.

நான் பேனாவை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். பழக்கமில்லாத கை, எரிகிறது. பேனாவைத் திரும்ப எடுத்து, இந்த வரியை ஒரு கையால்தான் எழுதுகிறேன், அதனால் எழுத்துக் கோணல். இன்னும் போதவில்லை. தலைவர் வேறு தேநீர் சொல்லி அனுப்பிவிட்டார், எல்லோரும் குடித்துவிட்டு நிதானமாகப் பேசலாமாம். இரண்டு பேர் கோப்பையைப் பார்த்துக் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

ஆமையக்கா கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறாள். ஆள் தேடுகிறாள். பிறகு கூடத்தைத் தாண்டி, இந்தப் பக்கத்தைத் தாண்டி, நேராக உங்களைப் பார்க்கிறாள்.

"ஏங்க, அங்க உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கீங்களே, உங்களைத்தான். வந்து ஒரு கை பிடிங்க. சீக்கிரம்!"