கடிதத்தின் தலையில் ஒரு சிலுவை

என் பெயரை அக்னெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

மொன்றியல் நகரத்து லாசாலில் உள்ள ஒரு சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்க வரும். கார்ட்டியர்வில்லில் இருந்து விடியற்காலையில் ஒரு வான் வண்டியில் ஒன்பது தமிழ்ப் பெண்கள் போவோம். வானை ஓட்டுபவரும் எங்கள் மேற்பார்வையாளரும் ஒரே ஆள்தான், இரவிச்சந்திரன். அவருக்கு மனம் கோணினால் அடுத்த கிழமை வானில் இடம் இருக்காது.

அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் சிலவேளை ஊசி வரும். அவசரத்தில் யாரோ விரிப்போடு சேர்த்துச் சுருட்டிவிட்ட ஊசி. எங்களுக்குத் தந்த கையுறை வெங்காயத் தோலைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் நாலு பேருக்குக் குத்தியது. மார்கழியில் குத்தியது வித்தியாவின் பெருவிரலில்.

வித்தியா கலியாணமாகி இங்கே வந்து பதினொரு மாதமான பிள்ளை. மாமன், மாமி, மச்சாள் என்று நிறைந்த வீடு. இரவிச்சந்திரன் எல்லாருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னார்: “கழுவிப்போட்டு பிளாஸ்ரர் ஒட்டு பிள்ளை. பதிவுகிதிவு எண்டு வெளிக்கிட்டா எல்லாருக்கும்தான் பிரச்சினை.”

மறுநாள் நானும் வித்தியாவும் லீவு போட்டோம். மருத்துவமனையில், ஊசியால் நோய் ஏதும் தொற்றியதா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். ஆறு கிழமை கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை எடுக்கவேண்டும், அதுவரை முடிவாக ஒன்றும் சொல்லமுடியாது என்றார்கள்.

பஸ் தரிப்பில் நின்றபோது வித்தியா என் கோட்டுக் கையைப் பிடித்தாள். “அன்ரி, வீட்டிலை தெரிஞ்சா நான் முடிஞ்சன். நோய் பிடிச்ச வருத்தக்காரி எண்டு கோயில் வரைக்கும் கதை போகும்.”

“என்ர வாயிலையிருந்து வராது பிள்ளை. ஆனா இந்த ஊசியைப் பற்றி எழுதாமலும் இருக்கேலாது. எழுதட்டோ?”

பிளாஸ்ரர் ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “என்னைத் தேடிப்பிடிக்க ஏலாதமாதிரி எழுதுவியளெண்டா எழுதுங்கோ.”

அந்தச் சொல்லை நான் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன்.

மன்னார்ப் பக்கம் முருங்கனில் படித்தவள் நான். கடிதம் என்றால் வலது மூலையில் இடம், அதன் கீழ்த் திகதி, பிறகு விளிப்பு, பந்திக்குப் பந்தி இலக்கம், கடைசியில் பெயரும் ஒப்பமும். மொன்றியலுக்கு வந்தபிறகும் எங்கள் தேவாலயப் பங்கில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். ஆனால் பெயர் தெரியக்கூடாத கடிதத்தை அதுவரை எழுதியதில்லை. ஆகவே ஒரு கிழமை அதைப் பற்றியே வாசித்தேன், கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

முகநூலில் எங்கள் ஆட்களின் குழு ஒன்று உண்டு. அதில் பெயர் காட்டாமல் எழுதலாம். விதிகளைக் கடைசி வரி வரை வாசித்தால், குழுவை நடத்துபவர்களுக்கு மட்டும் பெயர் தெரியும் என்றிருந்தது. நடத்துபவர்களில் ஒருவர் இரவிச்சந்திரனின் மைத்துனர். எனவே அது வேண்டாம். புதிய மின்னஞ்சல் ஒன்று எடுத்து, ‘வெள்ளைத்துணி’ என்ற பெயரில் தனிப் பக்கம் தொடங்கினேன். தொலைபேசி எண் கேட்டது, கொடுக்கவில்லை. என் எண்ணை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ‘இவரைத் தெரியுமா’ என்று அது என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடும். கிழிந்த கையுறையைச் சமைக்கிற குசினி நிலத்தில் வைத்துப் படமெடுத்துவிட்டு, நிலத்தின் பச்சைக் கட்டங்களைக் கண்டு அழித்தேன். என் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கட்டங்களை அறிவார்கள். வெள்ளைத் தாளில் வைத்து மறுபடி எடுத்தேன்.

வித்தியாவின் பெருவிரல் சுட்டுவிரலானது. மார்கழி ஐப்பசியானது. புதுப்பெண் மூன்று பிள்ளைகளின் தாயானாள். ஆளைக் காக்க அடையாளங்களை மாற்றியிருக்கிறேன் என்பதையும் அதிலேயே எழுதினேன். ஏமாற்றியதாக இருக்கக்கூடாது. இடம் இல்லை, திகதி இல்லை, பெயர் இல்லை. மூன்று தரம் வாசித்துவிட்டுப் பதிவிட்டேன்.

இரண்டு நாளில் ஊரெல்லாம் பரவியது. வானில் முன் இருக்கைக்காரி சிவநேசம் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். தைப்பூசத்துக்கு விரதமிருக்கும் அந்த மனுசி, ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் “சரியாச் சொல்லியிருக்கிறாள்” என்று நிறுத்தினார். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். என் தமிழை ஒரு வான் நிறைய ஆட்கள் கேட்பது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

இரண்டாவது கடிதம் போட்ட மறுநாள் இரவிச்சந்திரன் வானை எடுக்காமல் திரும்பி உட்கார்ந்தார்.

“இது எங்கட துணி பிரிக்கிற மேசைதான். அங்கை தமிழ் வாசிக்கிறது நீங்கள் ஒன்பது பேர்தான். இதைப் பாருங்கோ.” கைபேசியை உயர்த்திக் காட்டினார். “ரெண்டு கடிதத்துக்கும் தலையிலை என்ன கிடக்கு?”

நடுவில், விளிப்புக்கு மேலே, ஒரு சின்னக் கூட்டல் குறி.

அது கூட்டல் குறி இல்லை, சிலுவை. வேதக்காரர், அதாவது எங்களைப்போன்ற கிறிஸ்தவர் வீடுகளில் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் தாளின் தலையில் சிலுவை போடுவோம். ஏழு வயதிலிருந்து போட்ட கை, கணினியிலும் போட்டுவிட்டது. மூன்று தரம் வாசித்த கண்ணுக்கு அது தெரியவேயில்லை.

“சைவக்காரர் பிள்ளையார் சுழி போடுவினம். இது வேதக்காரற்றை வேலை,” என்றார். “வானுக்குள்ளை வேதக்காரர் ரெண்டு பேர். அக்னெஸ் அக்கா வந்து ஒன்பது வருசம், ஒரு சொல்லுக் கதைச்சதில்லை.” அவருடைய பார்வை பின்னுக்குப் போனது. “றெஜினா, உனக்குத்தான் வாய் நீளம்.”

றெஜினா என் பங்கைச் சேர்ந்தவள், நாற்பது வயது, சிரித்தால் வான் குலுங்கும். “ஐயோ அண்ணை, நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவள். இந்தத் தமிழை நான் எழுதினன் எண்டா என்ர செத்த வாத்தியார் எழும்பி வருவார்.”

“பகிடி விடாதை. இந்தக் கிழமை பாப்பன். இன்னொண்டு வந்துதெண்டா நீ திங்கட்கிழமை வானுக்கு நிக்கவேண்டாம். இனி எல்லாரும் ஏறேக்கையே போனைத் தரவேணும்.”

துணிப்பை ஒன்று கைக்குக் கை வந்தது. ஒவ்வொருவராகக் கைபேசியைப் போட்டார்கள்.

‘நான்தான்’ என்று சொல்ல வாய் திறந்தேன். முன்னால் இருந்த வித்தியா, பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து வைத்திருந்தாள். நானும் அவளும் ஒரே நாளில் லீவு எடுத்தது இரவிச்சந்திரனுக்குத் தெரியும். எழுதியவள் நான் என்றால், இரத்தப் பரிசோதனைக்கு நாள் எண்ணுகிறவள் யார் என்று அவருக்கு விளங்க ஒரு நிமிடம் போதும். அவருடைய மனைவியும் வித்தியாவின் மாமியும் ஒரே கோயில் சபை. வாயை மூடினேன். ஆனால் றெஜினா வேலை இழக்க நான் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

அன்று வேலை முழுவதும் துணியைப் பிரித்தபடி யோசித்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டியபோது, நான் குறித்துவைத்துவிட்டுப் பயன்படுத்தாத வரி ஒன்று கண்ணில் பட்டது: பதிவை முன்கூட்டியே எழுதி, எந்த நாள், எத்தனை மணிக்கு வெளிவரவேண்டும் என்று குறித்து வைக்கலாம்.

மூன்றாவது கடிதத்தை எழுதினேன். இந்த முறை சிலுவையை யோசித்து, வேண்டுமென்றே போட்டேன். எழுதியது அதே ஆள்தான் என்று தெரியவேண்டுமே. வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது என்று நேரம் குறித்தேன்.

வியாழன் காலை ஆறரைக்கு வான் டெக்காரி நெடுஞ்சாலையில் வழமைபோல ஊர்ந்துகொண்டிருந்தது. உறைந்த தூறல் கண்ணாடியில் தட்டியது. துணிப்பை இரவிச்சந்திரனின் காலடியில் கிடந்தது. என் கைகள் இரண்டும் மடியில், எல்லாருக்கும் தெரியும்படி இருந்தன. ஆறு நாற்பத்தொன்றுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நேரத்தைப் பிழையாகக் குறித்துவிட்டேனோ என்று நினைத்த கணத்தில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கொழுவியிருந்த அவருடைய கைபேசி ‘டிங்’ என்றது.

அவர் எட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். “சிவநேசம் அக்கா, இதை ஒருக்கா வாசியுங்கோ.”

“என்னெண்டு வாசிக்கிறது? அவசரத்திலை கண்ணாடியையும் போனோடை பையுக்கை போட்டிட்டன்.”

வானை நிறுத்தி, இரவிச்சந்திரனே பையை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். சிவநேசம் அக்கா துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: “‘ஒன்று. ஊசி குத்தினால் அதைப் பதிவது தொழிலாளியின் உரிமை. இரண்டு. மேற்படி கையுறைகளை அணிந்து ஒரு நாள் துணி பிரித்துப் பார்க்கும்படி பொறுப்பானவர்களை அழைக்கிறேன்...’ இது அந்த வெள்ளைத்துணியெல்லோ! இப்பதான் போட்டிருக்கிறா.”

பின்னால் இருந்து றெஜினா கேட்டாள்: “சிலுவை கிடக்கோ அக்கா?”

“ஓமடி, நடுவிலை.”

“அப்ப நான்தான். கால்விரலாலை எழுதினனான்.”

வான் முழுக்கச் சிரிப்பு. இரவிச்சந்திரன் வானின் முன்கண்ணாடியில் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். “அப்ப இது ஆர்?”

“எங்களை ஏன் கேக்கிறியள்?” என்றார் சிவநேசம் அக்கா. “ஒன்பது போனும் உங்கட காலுக்கை கிடக்கு. வெளியிலை இருக்கிறது உங்கட போன் ஒண்டுதான். தம்பி, நீங்கள்தான் எழுதுறியளோ?”

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் வானை நகர்த்தினார். தொழிற்சாலை வாசலில் பையைத் திருப்பித் தந்தார், அதற்குப் பிறகு அந்தப் பை வரவில்லை. திங்கட்கிழமை றெஜினா வானில் இருந்தாள்.

மூன்றாவது கடிதத்தை யாரோ பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தாதிமாரின் பக்கமொன்றில் போட்டார்கள். மாசி முடிவதற்குள் முழங்கை வரை வரும் தடித்த கையுறைகள் வந்தன. மேசையோரம் ஊசி போட மூடியுள்ள பெட்டி வந்தது. சுவரில் ஒரு பதிவேடு தொங்கியது. பங்குனியில் ஒரு நாள் இடைவேளையில் வித்தியா என் பக்கத்தில் வந்து நின்று, “ஒண்டும் இல்லையாம் அன்ரி, கடைசி ரெஸ்ட்டும் சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வீட்டில் இன்றுவரை எவருக்கும் தெரியாது. நான் எழுதியவற்றுள் நான் அதிகம் பெருமைப்படுவது, அந்த எழுத்துகளில் எங்குமே வராத அந்தப் பெயரைப் பற்றித்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் றெஜினா என்னை நிறுத்தினாள்.

“அக்கா, ஒரு சொல்லு. இனி எழுதேக்கை ‘மேற்படி’யையும் விடுங்கோ.”

நான் அவளைப் பார்த்தேன்.

“அப்பா செத்த நேரம் ஊருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தனீங்கள். ‘மேற்படி துயரச் செய்தி’. மூண்டு பந்தி, மூண்டுக்கும் நம்பர். செத்தவீட்டுக் கடிதத்துக்கு ஆர் அக்கா நம்பர் போடுவினம்? முதல் கடிதத்திலையே எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏனடி அண்டைக்குச் சொல்லேல்லை? உன்ர வேலையெல்லோ போகப் பாத்தது?”

“சொல்லியிருந்தா உங்கட வேலை போயிருக்கும். நீங்கள் ஆரையோ மறைக்கிறியள் எண்டும் விளங்கிச்சு. அது ஆரெண்டு நான் கேக்கேல்லை, கேக்கவும் மாட்டன்.” கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தாள். “ஆனா ஒண்டக்கா, அந்தக் கிழமை முழுக்க என்னைப் படிச்சவள் எண்டு நினைச்சினம். நீங்கள் அந்த வியாழக்கிழமையோடை அதைக் கெடுத்துப்போட்டியள்.”

நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். அவளுடைய பெயரும் றெஜினா இல்லை.