பூஜைச் சொம்பில் ஷார்டனே

“துப்பறதுக்கு இந்த ஆத்துல வேற பாத்திரமே கிடைக்கலையா உங்களுக்கு?”

“கத்தாதே பிரபா. பக்கத்து ஃப்ளாட்ல கேக்கும்.”

“கேக்கட்டும். பூஜைச் சொம்புல சாராயத்தைத் துப்பின மனுஷர் இந்த துபாய் கராமாவிலேயே நீங்க ஒருத்தர்தான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

“சாராயம் இல்லை. வைன். ஷார்டனேன்னு பேரு.”

“பேர் வச்சு, காது குத்தி, தொட்டில்லயும் போட்டுட்டேளா?”

பக்கத்து ஃப்ளாட் ஜெயபாரதிக்கு நன்றாகவே கேட்டது. இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவள் ஜன்னல் ஏசியை நிறுத்திவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்ட் மாதத்து துபாயில் ஏசியை நிறுத்துகிறவளுக்கு ஊர்ச் செய்தியின் மேல் எவ்வளவு பற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொம்பை எடுத்ததற்கு சிவசங்கரனிடம் காரணம் இருந்தது. தொட்டி நிறையப் பாத்திரம், வாய் நிறைய வைன். கைக்கு எட்டியது சொம்பு. ஆனால் இதைச் சொல்லி ஜெயிக்கக்கூடிய மனைவியை அவருக்குக் கட்டிவைக்கவில்லை.

வாயில் வைன் வந்த கதை இது. எண்ணெய் விலை சரிந்த வருஷம். ஹோட்டல்களுக்குச் சாமான் இறக்குமதி செய்யும் அவருடைய கம்பெனி, சிக்கனம் என்று முதலில் கை வைத்தது குடும்பங்களின் மேல். மேனேஜர்களுக்கு மட்டும் ஃபேமிலி ஃப்ளாட். மற்றவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு ரூமுக்குப் போக வேண்டும். பிரபாவதியும் மகள் வைதேகியும் கும்பகோணத்துக்குப் போக வேண்டும். அங்கே மூன்று நாத்தனார்கள் ஒரே கூரையின் கீழ் அவளுக்காகக் காத்திருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு மேனேஜர் பதவி. ஹோட்டல்களுக்கு வைன் கொடுக்கும் புதுப் பிரிவு. பீர் வாசனை வந்தால் நடைபாதை மாறும் சிவசங்கரன் அதற்குப் பெயர் கொடுத்தார்.

பிரபாவதி ஒரு ராத்திரி யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். “வாயில வச்சுண்டு துப்பிட்டா குடிச்சதாகாது. பல் தேய்க்கறோம், பேஸ்ட்டைத் திங்கறோமா?” ஆகவே சண்டை வைனைப் பற்றியதல்ல, சொம்பைப் பற்றியது.

பயிற்சிக்கு பாட்டில் கொண்டுவந்தவர் மேல்மாடி தியாகராசா. யாழ்ப்பாணம். அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ். அதே பதவிக்கு அவரும் பெயர் கொடுத்திருந்தார் என்றாலும், போட்டியாளனுக்குப் பாடம் எடுப்பதில் அவருக்கு வருத்தமில்லை. தான் தோற்கக்கூடும் என்கிற எண்ணம் வந்தால்தானே வருத்தம் வரும்.

“முதல்ல மணக்க வேணும் ஐசே. மூக்கைக் கிளாஸுக்குள்ள விடுங்கோ. பிறகு ஒரு வாய் எடுத்து உருட்ட வேணும். பிறகு துப்ப வேணும்.”

சிவசங்கரன் தன் சொந்த டம்ளரில் ஊற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்தார். கண் இரண்டும் தாமாகவே மூடிக்கொண்டன. எட்டிய சொம்பில் துப்பினார்.

“புளிக்கறதே.”

“ஓமோம், பழுதாப் போச்சு. குளிர் நாட்டுச் சாமான் எண்டுதான் ஹோட்டல்ல தந்தவங்கள். நான் மத்தியானம் முழுக்கக் காருக்குள்ள விட்டிட்டன். இந்த வெயிலுக்குப் புளிக்காமல் என்ன செய்யும்?”

சிவசங்கரனுக்கு அது உடனே விளங்கிவிட்டது. பால் பவுடரில் பிரபாவதி உறை ஊற்றும் தயிர், ஏசி நின்ற அன்று மதியத்துக்குள் பல் கூசப் புளிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இனிக்கும். எனவே சூடு என்றால் புளிப்பு, குளிர் என்றால் இனிப்பு. பரீட்சையில் இரண்டு கிளாஸ் வைத்து எது குளிர் நாட்டுச் சரக்கு என்று கேட்பார்கள் என்று ஆபீசில் பேச்சு. இனிப்பாக இருப்பதைக் காட்டினால் தீர்ந்தது என்று வாய்விட்டே சொன்னார்.

சண்டை ஓய்ந்து, சொம்பை மூன்றாம் தடவையாகப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பிரபாவதி அங்கிருந்தே சொன்னாள்: “தயிர் நாம உறை ஊத்தறது. திராட்சை காய்க்கறது. வெயில் படாத கிளையில காய்ச்ச மாங்கா இனிச்சு எங்கயாவது பாத்திருக்கேளா?”

“உனக்கு இதெல்லாம் தெரியாது.”

“தெரியாதுதான். நான் சொம்பு தேய்க்கறவ.”

ஜெயபாரதி இதைக் கேட்டுச் சிரித்த சத்தம் இந்தப் பக்கம் கேட்டது. சுவர் இரு வழிப் பாதை என்பதை அவள் அடிக்கடி மறந்துவிடுவாள்.

பரீட்சை, ஹோட்டலின் பின்பக்கத்து அறை ஒன்றில். கம்பெனியின் பெரிய மேனேஜர் கிரஹாம், சிரித்தாலும் முகம் அசையாத இங்கிலீஷ்காரர். ஆளுக்கு இரண்டு கிளாஸ். பாட்டில்களுக்குக் காகிதப்பை போட்டிருந்தது. இரண்டும் ஒரே திராட்சை, ஷார்டனே. ஒன்று குளிர் நாடு, ஒன்று வெயில் நாடு. எது எது, ஏன் என்று சொல்ல வேண்டும்.

தியாகராசா சுழற்றினார், முகர்ந்தார், உருட்டினார், வாளியில் துப்பினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பிறகு, இரண்டாவது குளிர் நாடு என்றும், முதலாவது வெயிலில் கெட்டுவிட்டது, கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் ஆலோசனை வேறு சொன்னார். கிரஹாம் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

சிவசங்கரன் முதல் கிளாஸில் மூக்கை விட்டார். எலுமிச்சந்தோல். அதற்குப் பின்னால், மழை விட்டதும் கோயில் கருங்கல் தரையிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை. இது ஹோட்டல் கிளாஸ். எத்தனை பேர் வாய் வைத்ததோ. கை தன்பாட்டுக்குக் கிளாஸை உயரத் தூக்கியது. அண்ணாந்து, உதடு படாமல், மெல்லிய தாரையாக வாயில் ஊற்றிக்கொண்டார். அண்ணாந்த வாயில் விழுந்தது எதுவாயினும் அது நேரே தொண்டைக்குத்தான் போகும். போயிற்று.

நாக்கின் இரண்டு ஓரமும் சுருண்டது. எச்சில் ஊறியது. பிறகு வாய் கழுவிவிட்டதுபோல் சுத்தமாயிற்று. பசித்தது.

இரண்டாவது கிளாஸ் வெண்ணெயும் வெனிலாவும் கனிந்த அன்னாசியுமாக இறங்கி, கல்யாண வீட்டு மூன்றாவது ஜாங்கிரியைப்போல வயிற்றில் உட்கார்ந்தது. இதுதான் குளிர் நாடு என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் அது உறைத்தது. முதல் கிளாஸின் புளிப்பு, வீட்டில் சொம்பில் துப்பிய அதே புளிப்பு. ஆனால் இந்த பாட்டில் பனிக்கட்டி வாளியிலிருந்து வந்தது. தியாகராசாவின் டாட்ஸன் காரில் ஏறியதே இல்லை. அப்படியென்றால் கார் நிரபராதி. தவிர, கெட்ட தயிரின் புளிப்பு தொண்டையில் உட்கார்ந்துகொண்டு வழக்குப் பேசும். இது சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது. வடுமாங்காய் மாதிரி. இன்னும் ஒரு வாய் வேண்டும்போல் இருந்தது. அதுதான் அவரைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

“முதலாவது,” என்றார் ஆங்கிலத்தில். “வெயில் பற்றாத ஊர் சார். முழுசாகப் பழுக்கவிடவில்லை. கெட்டுப்போகவில்லை. பிறவியே அப்படி.”

கிரஹாம் பாட்டிலின் காகிதப்பையைக் கழற்றினார்; சரிதான். உயரத்திலிருந்து காற்றோடு கலந்து ஊற்றிக்கொள்ளும் முறையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்.

“குடும்பப் பழக்கம் சார்.”

கைதேர்ந்த குடிகாரப் பரம்பரை என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பதவியைக் கொடுத்துவிட்டார்.

சிவசங்கரன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார். “கிடைச்சுடுத்து பிரபா. கும்பகோணம் போக வேண்டாம். நீ சொன்ன மாங்காதான்.”

பிரபாவதி சுவாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு திரும்பினாள்.

“துப்பினேளா?”

பக்கத்து ஃப்ளாட்டில் ஏசி நின்றது.

“ஃபேமிலி ஃப்ளாட் நமக்கே. வைதேகி ஸ்கூல் மாத்த வேண்டாம்.”

“கேட்டது அது இல்லை.”

அவர் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதில் மும்முரமானார். அவள் பூஜை அலமாரியைத் திறந்து, தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த சொம்பை எடுத்து, அவருடைய ஆபீஸ் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இனிமே இது உங்களோடது. நாளையிலேர்ந்து இதுல துப்புங்கோ.”

அன்று ராத்திரி சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வடுமாங்காய் போட்டாள். கேட்காமலே இரண்டாவதும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பஜனை அவர்கள் வீட்டிலிருந்து ஜெயபாரதி வீட்டுக்கு மாறியது. மாற்றச் சொன்னது யார் என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. தியாகராசா டொராண்டோவுக்குப் போய் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டார். அந்த பாட்டில் காரில்தான் கெட்டது என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஜெயபாரதி புருஷனுக்கு மாற்றலாகி சவூதியின் யான்புவுக்குப் போனாள். ஊர் நல்ல ஊர்தான், சுவர்தான் தடிமன் என்று குறைப்பட்டாள். வைதேகிக்குக் கும்பகோணத்திலேயே கல்யாணம். பெண்ணின் அப்பா துபாயில் என்ன செய்கிறார் என்று சம்பந்தி வீட்டார் கேட்டதற்கு, “பழ வியாபாரம்” என்றாள் பிரபாவதி. சீர்ப் பாத்திரம் எல்லாம் வரிசையாகப் பரப்பியிருந்தது. பூஜைச் சொம்பு எங்கே என்று மூத்த நாத்தனார் தேடினாள்.

“அது டூட்டிக்குப் போயிருக்கு,” என்றாள் பிரபாவதி.