பெரிய பல்லு

நான் கொஞ்சம் கனமான ஆள்தான். அதை நான் சொல்லலாம். எல்லம்மாள் சொல்லக் கூடாது.

அது எண்பத்தொன்றாம் வருஷம். அடி அண்ணாமலையிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் காலையில் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். அவருக்கு அரிசி மில்லில் வேலை, எனக்குத் தையல் கடையில். வழியில் ஒரு மேடு. அங்கே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "திரௌபதி, எறங்கு" என்பார். இறங்கி நடப்பேன்.

மேட்டு உச்சியில் எல்லம்மாளின் டீக்கடை. எல்லம்மாள் என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் நான் வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவதைப் பார்த்தால் போதும், அவளுக்கு வாய் திறந்துகொள்ளும்.

"இன்னா திரௌபதி, இன்னிக்கும் எறங்கிட்டியா?"

டீ குடிக்கிறவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளாவது இறங்காமல் அவள் கடையைத் தாண்டிவிட வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

பால்காரன் சடையன் மட்டும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு அதே மேட்டில் சீட்டியடித்தபடி ஏறுவான். எப்படிடா என்று கேட்டேன்.

"பெரிய பல்லு மாட்டிட்டேன்க்கா. மேடுன்னே தெரியாது."

அன்றைக்கே வீட்டுக்காரரைச் சைக்கிள் கடை அப்பாசாமியிடம் துரத்தினேன். "பெரிய பல்லு போடுப்பா" என்றிருக்கிறார். "பெருசுன்னா முன்னாடிதானே இருக்கணும்" என்று அந்த மனுஷனும் பெடல் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சோறு போடலாம் போல ஒரு பெரிய பல்சக்கரத்தை மாட்டி அனுப்பிவிட்டார்.

சமதரையில் பறந்தது. எனக்குப் புடவைத் தலைப்பைப் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது. மேடு வந்ததும், "எறங்காத, இப்ப பாரு" என்றார். பார்த்தேன். பாதி மேட்டில் பெடல் நகரவில்லை. எழுந்து நின்று மிதித்தார். சைக்கிள் நின்றது, அப்புறம் பின்னாலேயே போனது. நான் டிபன் பாக்ஸோடு புதரில் கிடந்தேன்.

மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு எறங்கல போல, உழுந்துட்டியா?"

மறுநாள் சடையனை நிறுத்தி, அவன் சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெரிய பல் பின்சக்கரத்தில் இருந்தது! நேராக அப்பாசாமியிடம் போனேன்.

"பெருசைப் போய் பின்னாடி மாட்டறதா?" என்றார்.

"தேரோட்டத்துல முன்னாடி எதுங்க வருது? பிள்ளையாரோட சின்னத் தேரு. பெரிய தேரு பின்னாடிதானே வருது? சாமிக்கே அப்படின்னா உங்க சைக்கிளுக்கு இன்னா வந்துச்சி?"

சிரித்துக்கொண்டே மாற்றினார். முன்னால் பழைய சக்கரம், பின்னால் பெரிய பல். சங்கிலியையும் கொஞ்சம் நீட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் மேட்டில் ஏறினோம். வீட்டுக்காரர் கால் கடகடவென்று சுற்றுகிறது, சைக்கிள் எறும்பு மாதிரி ஊர்கிறது. ஊர்ந்தால் என்ன? நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லம்மாள் கேட்க வாயைத் திறந்தாள், கேட்க ஒன்றுமில்லாமல் மூடிக்கொண்டாள். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஒரு வாரம் அந்தச் சந்தோஷம் ஓடியது. பிறகு பார்க்கிறேன், அவள் வெளியே வருவதே இல்லை. எங்கள் சைக்கிள் சத்தம் கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவுவாள். அப்போதுதான் உறைத்தது. வரப்புத் தகராறுக்கு அப்புறம் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரே பேச்சு அந்த "எறங்கிட்டியா"தான். அதையும் நானே பல் மாட்டி நிறுத்திவிட்டேன். மனசு கஷ்டமாகிவிட்டது.

திங்கட்கிழமை பாதி மேட்டில், "நிறுத்துங்க" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே ஏறுது?"

"நிறுத்துங்கன்றேன்ல."

இறங்கினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூச்சிரைக்க ஏறிப் போய் அவள் கடை வாசலில் நின்றேன். கிளாஸும் கையுமாகத் திரும்பினாள்.

"இன்னாக்கா, கேக்க மாட்டியா?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எறங்கிட்டியாடி?"

"எறங்கிட்டேன்க்கா. டீ போடு. அவருக்கும் சேத்து."