நான்கு டிஸ்க்கும் நலம்

புதுக் கம்ப்யூட்டரைக் கட்டி முடித்ததும் தம்பி செய்த முதல் வேலை, அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியதுதான். பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக மின்னும் விசிறிகள். அக்காவுக்கு அது சீரியல் பல்பு விற்கிற கடை மாதிரி இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய போட்டோ ஸ்டுடியோவுக்காக மெனக்கெட்டிருக்கிறான், ஏதாவது சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

வீட்டில் அவனுக்குப் பெயர் புரொபசர். யாரும் கேட்காமலே பாடம் எடுப்பதால் வந்த பட்டம்.

ஸ்டுடியோவின் படங்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் நான்கு டிஸ்க்குகளில் இருந்தன. நான்கையும் கோத்து ஒரே டிஸ்க் போல வேலை வாங்கும் அந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றிவிடும் என்று புரொபசர் அடித்துச் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் அவள் கேமரா கார்டுகளை அழித்து அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு எடுத்துப் போனாள். தனியாக ஒரு காப்பி எடுத்து வைக்கலாமா என்று கேட்டபோது அவன் சிரித்த சிரிப்பில், கேட்டதே தப்பு என்று ஆகிவிட்டது.

அதில் ஒரு கல்யாணத்தின் படங்களை இன்னும் கொடுத்தபாடில்லை. கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிற மனிதர், அன்றைக்கு மட்டும் மகள் தோளில் கை போட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரித்திருந்தார். அந்தப் படத்துக்காக, டிஸ்க்கை மாற்றுகிற நாளன்று மாலையில் பெண்ணே வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"டிஸ்க்கைக் கழட்டி இதுல மாட்டினா போதும்க்கா, தானா கண்டுபிடிச்சுக்கும்," என்றான் புரொபசர்.

கண்டுபிடிக்கவில்லை. டிஸ்க்குகளைப் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு கோத்திருந்த விதம் புது போர்டுக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்த நான்கு டிஸ்க்குகளும் திரையில் முன்பின் தெரியாதவர்கள் போலத் தனித்தனியாக நின்றன.

"பழசுலயே திருப்பி மாட்டிப் பாரேன்டா."

"அந்த போர்டை காலையிலதான் ஃப்ரெண்டுக்குக் குடுத்தேன்."

புரொபசர் அசரவில்லை.

"அதே மாதிரி புதுசா ஒரு ரெய்டு கட்டிட்டா போச்சு. உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்கும்."

"டிஸ்க்குல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கேடா?"

"அது ஒண்ணும் தெரியாதவங்களுக்காகப் போடறது."

அழுத்தினான். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

"பாரு, ஒவ்வொண்ணா செக் பண்ணுது."

உண்மையில் அது ஒவ்வொன்றாக வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தது. கோடு ஊர்ந்த அத்தனை நேரமும் அவள் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. எச்சரிக்கையை வாய்விட்டுப் படித்தவள் அவள்தான். அவன் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். படித்த தம்பி, அவனுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாள்.

கோடு முடிந்தது. நான்கு டிஸ்க்கும் நலம் என்று திரை சொன்னது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு படம்கூட இல்லை. அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அதுமேல முழுசா எழுதிட்டீங்களேம்மா," என்று அவர் போனிலேயே கையை விரித்துவிட்டார்.

"டிஸ்க்குல எந்தக் கோளாறும் இல்லக்கா," என்றான் புரொபசர், ஆறுதல் சொல்கிற குரலில். அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

"நீயே சொல்லு," என்று அக்கா அவனை முன்னால் தள்ளினாள்.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரெய்டு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தான். பெண் மரியாதைக்குத் தலையாட்டிக் கேட்டாள். பழைய போர்டு, புது போர்டு என்று அவன் நீட்டிக்கொண்டே போக, அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"எனக்கு இதெல்லாம் புரியலைங்க. எங்கப்பா இதுல எந்த டிஸ்க்குல இருக்காரு?"

புரொபசர் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"எதுலயும் இல்லம்மா," என்றாள் அவள். "நாங்க அழிச்சுட்டோம்."