விஜயன் சொன்ன ஊர்

விஜயன் லீவில் வந்துவிட்டால், மறுநாள் காலை லயத்து வரிசை வீடெல்லாம் அவன் வாசலில்தான் பசியாறும். தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர்ப் பக்கம் பிழைக்கப் போனவர்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. ஆனால் ஓர் ஊரையே கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிற வாய் விஜயனுக்குத்தான் வாய்த்திருந்தது.

“பி.ஜே. டவுனுன்னா சும்மா இல்லலா. ரோட்டுக்கெல்லாம் பேரே கெடையாது, நம்பர்தான். கல்லு வீடு வரிசையா நிக்கும். நம்ம லயம் மாதிரிதான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் முன்னால கேட்டு, உள்ள கார். தண்ணி வீட்டுக்குள்ளேயே வந்துரும். பின்னால பூரா பெக்டரி. பிஸ்கட்டு, சோப்பு, பெயிண்ட்டு... காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்த வாசம்! சாயங்காலம் சங்கு ஊதுனா ரோட்டுல சைக்கிளு, மோட்டாருதான். பஸ்ஸுல ஏறுனா கோலாலம்பூரு. ஆனா எதுக்குப் போகணும்? மார்க்கெட்டு, படம், கோயிலு எல்லாம் அங்கேயே இருக்கு.”

“ஒன் வீடு எங்கப்பா?” என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

“மாதா கோயில் ஸ்டாப்புல எறங்கி, மூணாவது ரோடு. பச்சை கேட்டு, வாசல்ல மாமரம். இப்ப ஒரு ரூமுதான் நம்மளது. முழு வீடு கெடைச்சதும் திலகத்தைக் கூட்டிட்டுப் போயிர வேண்டியதுதான்.”

“பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை,” என்று பக்கத்து வீட்டுப் பவளம் முணுமுணுப்பாள். விஜயனின் மனைவி திலகத்துக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும்.

மூன்று வருடமாகத் திலகம் அந்த ஊரில்தான் குடியிருந்தாள். உடம்பு மட்டும்தான் இந்த மலையில். பனிக்குள் நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டே மூன்றாவது ரோட்டில் திரும்புவாள், பச்சை கேட்டைத் திறப்பாள். உள்ளே விஜயன் இருப்பான். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடும், கங்காணி சத்தம் போடுவார். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் புருஷனும் இல்லை என்றால் பொழுது எப்படிப் போகும்? ஏங்கித்தான் போனாள்.

கூடவே போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். பேர் வெட்டிவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், திரும்பி வந்தால் ஒண்ட இடம் இருக்காது. “அவசரப்படாத,” என்று சொல்லிவிட்டு விஜயன் ஒவ்வொரு தடவையும் அடிவாரத்துத் தாப்பாவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவான்.

எழுபத்தேழில், கடைசி லயத்துக் கத்தரீன், தன் தம்பி கல்யாணத்துக்கென்று பி.ஜே. போனாள். அவள் கையில் விஜயனுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினாள் திலகம். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்த கத்தரீன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

“வழியெல்லாம் அண்ணன் சொன்ன மாதிரியேதான்க்கா இருக்கு. பச்சை கேட்டைத் தட்டுனேன். ஒரு சீன அம்மா வந்தாங்க. மலாய்ல கேட்டேன். ‘ஞாயித்துக்கெழமை புல்லு வெட்ட வருவானே, அந்த விஜயனா?’ன்னு சொல்லி, பெரிய சாக்கடைக்கு அந்தாண்ட கையைக் காட்டுனாங்க. அங்க எல்லாம் பலகை வீடு, தகரக் கூரை. அத்தனை வீட்டுக்கும் ஒரே பைப்பு. அண்ணன் அங்க வாளியோட வரிசையில நின்னுக்கிட்டிருந்தாரு. கூப்பிட மனசு வரலக்கா. வெக்கப்படுவாருன்னு வந்துட்டேன்.”

அன்றைக்குத் திலகத்துக்கு ஆத்திரம்தான் வந்தது. மூன்று வருடமாக லயத்துக்கே காது குத்தியிருக்கிறான்! முற்றல் இலையாகப் பறித்துப் போட்டுக் கணக்கெழுதும் கிராணியிடம் வசவு வாங்கினாள். மறுநாள் ஆத்திரம் இறங்கிவிட்டது. வாளியோடு நிற்கிற ஆள்தான் கண்ணுக்குள் நின்றான். அந்த வரிசையில் அவனுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் போதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தீபாவளிக்கு விஜயன் வந்தான். வாசலில் கூட்டம் கூடியது. பி.ஜே.யில் இந்தத் தடவை நாலு மாடியில் ஒரு கடை வேறு எழும்பியிருந்தது. திலகம் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வழியனுப்பத் தானா ராத்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். கையில் ஒரு துணி மூட்டை. பஸ் வந்ததும் அவனுக்கு முன்னால் இவள் ஏறினாள்.

“நீ எங்க ஏர்ற?”

“ஒங்க கூடத்தான். பேரை வெட்டச் சொல்லிச் சாவியக் கிராணிகிட்ட குடுத்துட்டேன்.”

“இல்ல... அந்த வீட்டுக்காரம்மா இப்ப...” என்று இழுத்தான்.

“சாக்கடைக்கு அந்தாண்ட இருக்கே, அந்த வீட்டுக்குத்தான் வர்றேன்.”

பஸ் புறப்பட்டது. ஊரையே கட்டி எழுப்பிய அந்த வாய்க்கு வளைவு வளைவாக மலை இறங்கியும் ஒரு சொல் வரவில்லை. ரிங்லெட் ஊரைத் தாண்டித்தான் பேசினான்.

“ஒரே ரூமு, திலகம். மழை பெஞ்சா ஒழுகும். நாத்தம், எலி. ஒன்னையப் போயி அங்க வெக்கவான்னுதான்...” இந்த ஊரைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. “ராத்திரியில தூங்கவே முடியாது. தகரம் பாரு, புழுங்கும். வேர்த்து ஊத்தும்.”

திலகம் அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஊத்தட்டும்,” என்றாள். “மூணு வருசம் தனியாப் படுத்து நடுங்குனது போதும்.”