பதினைந்தாவது பன்றி

இன்றைக்கு நான் போன் செய்யப் போவதில்லை. பதினொன்றரை தாண்டிவிட்டது; தாண்டட்டும். அவருக்கே நினைவு வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள் நீலா.

அவள் கால்நடை மருத்துவர். ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் பன்றிகளுக்கு மயக்கம் கொடுத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலை ஏழரைக்குப் பன்றியின் வயிற்றுக்குள் கிருமியைச் செலுத்துவார்கள். மனிதருக்கு நேர்வது போலவே தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும். நான்கு மணி நேரம் கழித்து டாக்டர் உலகநாதன் உத்தரவு தந்ததும் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். இதுவரை பதினான்கு பன்றிகள். பதினான்கு முறையும் அவரை அழைத்து நினைவூட்டியவள் அவள்தான்.

கால்மணிக்கொருமுறை அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தார் டெக்னீஷியன் ஜேம்ஸ்.

"பன்னிக்கு என்னா கவனிப்பு பாருங்க மேடம்! எங்க மாமியாருக்கு பீபி பாக்கச் சொல்லி நர்சம்மா பின்னாடியே ஓடுனேன். எனக்கு ஏதாச்சும் ஆனா இங்கயே படுக்க வெச்சிருங்க. ஆஸ்பத்திரி நக்கோ, வேண்டவே வேண்டாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் குடல்வால் வெடித்த தம்பி தீபக்கை மாரெட்பள்ளியிலிருந்து ஆட்டோவில் உலகநாதன் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலை ஒன்பது மணி. முதல் ஊசி போட்டது மதியம் மூன்றுக்கு. மறுநாள் தீபக் இறந்ததும் அப்பாவிடம் உலகநாதன் சொன்னார்: "வரும்போதே முத்திப்போச்சு. நீங்க லேட்டா கொண்டுவந்துட்டீங்க." அப்பா இன்றுவரை அதை நம்புகிறார். அந்தக் குடும்பத்து முகங்கள் எதுவும் உலகநாதனுக்கு நினைவில்லை. அவளை வேலைக்கு எடுத்தபோதும் தெரியவில்லை.

"டாக்டருக்கு போன் அடிக்கட்டா மேடம்?"

"வேண்டாம். வருவார்."

கச்சிபௌலியில் ஏதோ கூட்டத்தை முடித்துக்கொண்டு அவர் வந்தபோது மணி ஒன்று நாற்பது. மருந்து ஏறியது. மூன்று மணிக்குப் பன்றியின் இதயம் நின்றது.

நீலா அதன் காதைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அவர் தாமதம் அம்பலமாகும் இந்த நிமிடம் இனிக்கும் என்று ஐந்து வருடம் நினைத்திருந்தாள். இரண்டு மணி நேரத்தை அவரிடமிருந்தா பறித்தேன்? இதனிடமிருந்து அல்லவா?

ஆனாலும் கோபம் குறையவில்லை.

ஜேம்ஸ் வெளியே போனதும் உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது மருந்தால பிழைக்க வேண்டிய, சாகக்கூடாத குரூப்புமா. மொத்த ரிசல்டும் கெட்டுடும். வரும்போதே நிமோனியா இருந்துச்சுன்னு எழுதிடுங்க. கணக்குல சேர்க்காம விட்டுடலாம்."

வரும்போதே. அதே சொல், அதே நிதானமான குரல்.

"நேத்து நான்தான் பரிசோதிச்சேன் சார். நுரையீரல் சுத்தமா இருந்துச்சு."

"நல்லா யோசிச்சுக்கோங்க. தினமும் கூப்பிடுறவங்க இன்னைக்கு ஏன் கூப்பிடலைன்னு கேள்வி வரும். உங்க வேலையும் போகும்."

"வரட்டும் சார். தெரிஞ்சேதான் கூப்பிடலைன்னு ரிக்கார்டுல எழுதிட்டேன். ஜேம்ஸையும் நான்தான் தடுத்தேன்னு எழுதியிருக்கேன்."

அவர் முதல்முறையாக அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். யார் இவள் என்று தேடுவது தெரிந்தது. அவள் உதவவில்லை.

"சரி, அதை விடுங்க. நிமோனியான்னு ஒரு வரி. அவ்வளவுதானே?"

"எழுத மாட்டேன் சார்," என்றாள் நீலா, குரலை உயர்த்தாமல்.